அறுபத்துநான்கு கட்டத்து அரிசி

18446744073709551615 என்பது இருபது இலக்க எண். நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. கோடி வரை எண்ணிப் பழகிய வாய்க்கு இதைப் படிக்க ஒரே வழி, கோடியைக் கோடியால் அடுக்குவது: ஒரு லட்சத்து எண்பத்துநாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்துநாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. பேரெண்களுக்குத் தனிப்பெயர் வைப்பது தமிழில் பழைய வழக்கம். ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியம் விதி சொல்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் ஆகியவற்றை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்த எண் உருவாவது மிக எளிய ஒரு விதியால். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையதைப் போல் இரு மடங்கு வைத்துக்கொண்டு போனால், 64 கட்டமும் நிறைந்தபின் பலகையில் இருக்கும் மொத்த அரிசி இத்தனை. இதன் கணிதப் பண்புகள் எல்லாமே ‘இரட்டி’ என்ற அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து கிளைப்பவை.

கதை வந்த வழி

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த இந்திய அறிஞர் அரசனிடம் கேட்ட பரிசு என்று இந்தக் கதை அரபு நூல்களில் வருகிறது. அங்கே அரிசிக்குப் பதில் கோதுமை. 9-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யாகூபியின் நூலில் கதை இருக்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அல்-பிரூனி மொத்தத்தைக் கணக்கிட்டு, மேலே உள்ள இருபது இலக்கங்களையும் பிழையில்லாமல் எழுதிவைத்தார். கேரளத்து அம்பலப்புழையில் இதே கதை கோயில் கதையாகிறது: முனிவர் வேடத்தில் வந்து அரசனைச் சதுரங்கத்தில் வென்ற கண்ணன் அரிசியைக் கேட்கிறான், கடனை ஒரே நாளில் தீர்க்க முடியாத அரசன் நாள்தோறும் பால்பாயசம் படைக்கிறான். தமிழ்நாட்டில் நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். சித்தர் வடிவில் வந்து இளவரசியோடு சதுரங்கம் ஆடி வென்றவர் என்பது தலபுராணம்.

மண்ணச்சநல்லூர்த் தராசில்

எண்ணின் பருமனை உணர அரிசியையே நிறுத்துப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற ஊர் மண்ணச்சநல்லூர். திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தைத் தாண்டி, பெருவளை வாய்க்கால் பாயும் வட்டாரத்தில் இருக்கும் இவ்வூர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது. ‘மண்ணச்சநல்லூர் பொன்னி’ என்று கேட்டு வாங்குவோர் தமிழ்நாடெங்கும் உண்டு. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உமியும் தவிடும் நீக்கி, குருணை பிரித்து, கடைசியில் நிறம் பார்க்கும் இயந்திரத்தில் விடுகிறார்கள். கேமராவின் முன்னால் அரிசி ஒவ்வொன்றாக விழும். கறுத்ததும் பழுத்ததும் கண்ணில் பட்டால் காற்றுக்குழல் அதை மட்டும் ஊதித் தள்ளும். மூட்டைக் கணக்கில் வியாபாரம் நடக்கும் ஊரில், அரிசியைத் தனித்தனியாகப் பார்க்கும் ஓர் இடம் அது.

சன்ன அரிசியில் கிராமுக்கு 64 மணி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 64 என்பதும் இரண்டை ஆறு முறை பெருக்கி வருவதுதான் என்பதால் கணக்கு சுலபமாகிறது. ஏழாவது கட்டத்தில் 64 மணி, அதாவது ஒரு கிராம். பத்து முறை இரட்டித்தால் 1,024 மடங்கு; ஆயிரத்துக்கு ஒட்டிவரும் தொகை. எனவே 17-ஆவது கட்டத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 27-ஆவது கட்டத்தில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். 37-இல் ஆயிரம் டன்னைத் தாண்டும். 47-இல் 11 லட்சம் டன். 57-இல் 112 கோடி டன்னுக்கு மேல்.

இடையில் நின்று பார்த்தால், 32 கட்டங்கள் முடிந்த பாதிப் பலகையில் மொத்தம் 4,29,49,67,295 அரிசி இருக்கும். எடை 67 டன். இருபத்தைந்து கிலோச் சிப்பமாகக் கட்டினால் 2,684 சிப்பம். ஏழெட்டு லாரி லோடு. அதுவரை ஆலைக்காரர் பதற வேண்டியதில்லை. அடுத்த 32 கட்டங்களில்தான் கணக்கு கைமீறுகிறது. முழுப் பலகையின் எடை 28,823 கோடி டன். 2023-24இல் இந்தியா முழுவதும் விளைந்த அரிசி சுமார் 13.78 கோடி டன். அதே விளைச்சல் ஆண்டுதோறும் கிடைத்து, ஒருவரும் ஒரு பருக்கை உண்ணாமல் அப்படியே சேர்த்தாலும் பலகை நிறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உலகத்து விளைச்சல் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாலும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

முகத்தல் அளவையில் ஒளிந்த இரட்டிப்பு

பழைய தமிழ் முகத்தல் வாய்பாடும் நெல்மணியில்தான் தொடங்குகிறது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. அங்கிருந்து இரட்டிப்பு: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. மறுபடி 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி. கடைசியில் மட்டும் 3 தூணி ஒரு கலம்.

ஆழாக்கிலிருந்து நாழிக்கு எட்டு மடங்கு, நாழியிலிருந்து குறுணிக்கு எட்டு மடங்கு. ஆக, ஒரு குறுணி என்பது சரியாக 64 ஆழாக்கு. வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை கொண்ட பலகையின் கட்டங்களும் அத்தனைதான். அளக்கிறவருக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு வசதி உண்டு. ஆழாக்கு, உழக்கு, உரி என மூன்று படிகள் கையில் இருந்தால், ஒவ்வொன்றையும் அதிகம் போனால் ஒரே ஒருமுறை பயன்படுத்தி, 1 முதல் 7 வரை எத்தனை ஆழாக்கும் அளந்துவிடலாம். ஐந்து ஆழாக்கு வேண்டுமானால் ஓர் உரியும் ஓர் ஆழாக்கும். ஆறு வேண்டுமானால் ஓர் உரியும் ஓர் உழக்கும். பலகைக்கும் இது பொருந்தும். ஒரு கட்டத்து அரிசியை முழுதாக எடுப்பது அல்லது முழுதாக விடுவது என்ற இரண்டே வழியில், 1 முதல் இந்த இருபது இலக்க எண் வரை எந்த எண்ணையும் உருவாக்கலாம். அதுவும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு விதமாகத்தான் உருவாக்கலாம்.

ஒரு கலம் 13,82,400 நெல். பலகை எண்ணைக் கலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 13,34,400 கோடி கலம் வரும். சரியாகக் கலக்கணக்கில் அடங்காது. ஏனெனில் 13,82,400 இரட்டைப்படை, பலகை எண் ஒற்றைப்படை. முதல் கட்டத்தில் இருக்கும் அந்தத் தனி அரிசிக்கு மட்டும் ஜோடி கிடையாது. மற்றக் கட்டங்கள் எல்லாம் இரட்டைப்படை.

எப்போதும் ஒன்று குறைவு

1 + 2 = 3; அடுத்த கட்டத்தில் 4. 1 + 2 + 4 = 7; அடுத்த கட்டத்தில் 8. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அதுவரை சேர்ந்த மொத்தம், அடுத்த கட்டத்தில் வைக்கவேண்டியதற்கு ஒன்று குறைவு. காரணத்தை அரிசியாலேயே காட்டலாம். பலகைக்கு வெளியே இன்னும் ஒரே ஓர் அரிசியை எடுத்து முதல் கட்டத்து அரிசியோடு சேர்த்தால் இரண்டு. அதை இரண்டாம் கட்டத்தோடு சேர்த்தால் நான்கு. அதை மூன்றாம் கட்டத்தோடு சேர்த்தால் எட்டு. இப்படியே உருட்டிக்கொண்டு போனால் 64-ஆவது கட்டத்தைத் தாண்டும்போது கையில் இருப்பது இல்லாத 65-ஆவது கட்டத்தின் தொகை, அதாவது 2⁶⁴. கடன் வாங்கிய ஓர் அரிசியைத் திருப்பிக் கொடுத்தால் மீதம் 2⁶⁴ − 1.

இதனால் கடைசிக் கட்டம் ஒன்றில் மட்டும் இருக்கும் அரிசி, அதற்கு முந்தைய 63 கட்டங்களின் மொத்தத்தைவிட ஒன்று அதிகம். பலகையின் சொத்தில் பாதிக்கு மேல் ஒரே மூலையில் கிடக்கிறது.

2⁶⁴-ஐக் கண்டுபிடிக்க 64 முறை இரட்டிக்கவும் தேவையில்லை. செய்யுள் இலக்கணம் எழுதிய பிங்கலர், குறில் நெடில் அமைப்புகள் எத்தனை வரும் என்று எண்ணுவதற்குத் தம் சந்தசாஸ்திரத்தில் ஒரு குறுக்குவழி தந்திருக்கிறார்: அடுக்கைப் பாதியாக்கிக்கொண்டே போ, பாதியாக்கிய இடத்தில் எல்லாம் திரும்பி வரும்போது வர்க்கம் எடு. 64-ஐ ஆறு முறை பாதியாக்கினால் 1. எனவே 2-இல் தொடங்கி ஆறு வர்க்கம் போதும்: 4, 16, 256, 65,536, 4,29,49,67,296, பிறகு 2⁶⁴. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் அரை மணியில் முடிகிற வேலை.

கடைசி இலக்கமும் பங்கீடும்

கட்டம் கட்டமாக மொத்தத்தை எழுதினால் 1, 3, 7, 15, 31, 63, 127, 255 என்று வளரும். கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் 1, 3, 7, 5, மறுபடி 1, 3, 7, 5. நான்கு கட்டத்துக்கு ஒரு சுற்று. 64 நான்கால் வகுபடுவதால் சுற்று 5-இல் முடிகிறது. இருபது இலக்க எண்ணும் 5-இல்தான் முடிகிறது.

பங்கீடும் இப்படிச் சுற்று வைத்தே தெரிந்துவிடும். அடுத்தடுத்த எந்த மூன்று கட்டங்களைச் சேர்த்தாலும் 7-இன் மடங்கு வரும்: 2 + 4 + 8 = 14, 16 + 32 + 64 = 112. முதல் கட்டத்தை ஒதுக்கிவிட்டால் மீதி 63 கட்டங்கள் மும்மூன்றாக 21 தொகுதிகளாகப் பிரியும். ஆகவே முழு அரிசியையும் ஏழு பேருக்குப் பங்கிட்டால் சரியாக ஓர் அரிசி மீதி நிற்கும். இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. பலகை எண்ணும் அப்படியே.

பாதியாக மடித்தால்

பலகையை நடுவில் மடித்துப் பார்த்தால் இன்னும் ஆழமான பண்பு தெரியும். 33-ஆவது கட்டத்தில் இருப்பது முதல் கட்டத்தைப் போல் 2³² மடங்கு. 34-ஆவது, இரண்டாவதைப் போல் 2³² மடங்கு. கட்டத்துக்குக் கட்டம் இப்படியே என்பதால் மேல்பாதி முழுவதும் கீழ்ப்பாதியைப் போல் 2³² மடங்கு. ஆகவே மொத்தம் = கீழ்ப்பாதி × (2³² + 1). கீழ்ப்பாதியை மறுபடி மடித்தால் இரண்டு வரிசை × (2¹⁶ + 1). அதையும் மடித்தால் ஒரு வரிசை × (2⁸ + 1). ஒரு வரிசையின் 255-ஐ மடித்தால் 15 × 17. பதினைந்தை மடித்தால் 3 × 5.

மடிப்பை எல்லாம் விரித்து எழுதினால்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297.

இந்த ஆறு காரணிகளும் ஒரே சாயல் உடையவை. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நீதித்துறை வேலை பார்த்துக்கொண்டே கணிதம் செய்த பியர் தெ ஃபெர்மா, இந்த வகை எண்கள் அனைத்தும் பகா எண்கள் என்று நம்பினார். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவதைச் சோதிப்பது அக்காலத்தில் பெரும்பாடு. 1729-இல் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இந்தக் கேள்வியை இளைஞர் ஆய்லரின் காதில் போட்டார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: 4,29,49,67,297 = 641 × 67,00,417. ஃபெர்மாவின் ஊகம் உடைந்தது.

641 ஏன் வகுக்கிறது என்பதை நீள்வகுத்தல் செய்யாமலே பார்க்கலாம். 641-க்கு இரண்டு முகங்கள்: 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. முதல் முகத்தின்படி 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு. ஆகவே வகுக்கும்போது அதை −1 என்றே கொள்ளலாம். அதன் நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸. மீதி (−1)⁴, அதாவது 1. இரண்டாம் முகத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதினாலும் மீதி மாறாது. எழுதினால் −2³² வரும். அதற்கும் மீதி 1 என்றாகிறது. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி சுழி. முடிந்தது.

67,00,417-ம் பகா எண்ணே. எனவே பலகை எண்ணின் பகாக்காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறைதான் வருகிறது. ஏழில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் பலகை எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 2⁷, அதாவது 128. இங்கும் இரட்டிப்பே விடை சொல்கிறது.

ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களுக்கு வடிவியலிலும் இடம் உண்டு. 1796-இல், இருபது வயது நிரம்பாத காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று நிறுவினார். 3, 5, 257, 65,537 பக்க உருவங்களுக்கும் அது பொருந்தும். 7 பக்க உருவத்தை அப்படி வரைய முடியாது. இந்த ஐந்தையும் பெருக்கினால் வருவது பாதிப் பலகையின் 4,29,49,67,295. ஃபெர்மா வகையில் ஆறாவது பகா எண் ஒன்று இதுவரை அகப்படவில்லை.

இருபது இலக்க எண் ஒன்றை யாராவது கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அதன் காரணிகளைக் கையால் காண்பது மலைப்பான வேலை. பலகை எண் எளிதில் உடைவதற்குக் காரணம் அதன் சிறுமை அல்ல. அது பிறந்த விதி நமக்குத் தெரியும் என்பதுதான். வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் மறைமொழிகளில் ஒரு பெரும் வகை, விதி எதுவும் தெரியாதபடி தேர்ந்த இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்கி வைப்பதை நம்பியே இருக்கிறது.

எங்கே நிறுத்தினால் பகா எண்?

64-இல் நிறுத்தினால் மொத்தம் காரணிகளாக உடைகிறது. வேறு எங்காவது நிறுத்தினால்? கட்டத்தின் எண் பகு எண்ணாக இருந்தால் மொத்தமும் கட்டாயம் பகு எண்ணே. மேலே செய்ததுபோல் மடித்துவிடலாம். கட்டத்தின் எண் பகா எண்ணாக இருந்தாலும் உறுதி கிடையாது: 11-ஆவது கட்டம் வரை மொத்தம் 2,047, அது 23 × 89. பலகையில் மொத்தம் பகா எண்ணாக அமையும் இடங்கள் ஒன்பதே: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 61 விடுபட்டுப் போயிற்று. 1883-இல் ரஷ்யாவின் பெர்வூஷின் அதைச் சேர்த்தார்.

இந்த ஒன்பது இடங்களிலும் இன்னொரு விசேஷம் உண்டு. அந்தக் கட்டத்தில் இருக்கும் அரிசியை அதுவரையுள்ள மொத்தத்தால் பெருக்கினால் நிறைவெண் வரும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் எண் அது. இரண்டாம் கட்டத்தில் 2 × 3 = 6; அதன் வகுத்திகள் 1 + 2 + 3 = 6. மூன்றாம் கட்டத்தில் 4 × 7 = 28. ஐந்தில் 16 × 31 = 496. ஏழில், நாம் ஒரு கிராம் எடை போட்ட அதே கட்டத்தில், 64 × 127 = 8,128. இந்த விதியை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, நான்கு கோடி இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண்ணும் இதே குடும்பம்தான்: 13,62,79,841 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையின் மொத்த அரிசி.

அரிசியில்லாப் பலகைகள்

1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று கம்புகள், ஒன்றில் பெரிதின்மேல் சிறிதாக அடுக்கிய வட்டுகள். ஒருமுறைக்கு ஒரு வட்டு, சிறிதின்மேல் பெரிது கூடாது என்ற விதிப்படி அடுக்கை வேறு கம்புக்கு மாற்றவேண்டும். அதனோடு காசியில் 64 பொன்வட்டுகளை அர்ச்சகர்கள் நகர்த்துவதாக ஒரு கற்பனைக் கதையும் வந்தது. வட்டு ஒன்று கூடினால் வேலை இரட்டித்து, மேலும் ஒன்று சேரும்; ஆகவே 64 வட்டுக்கு வேண்டிய நகர்த்தல்கள் அதே பலகை எண். நொடிக்கு ஒன்று நகர்த்தினாலும் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.

இன்று இந்த எண் அதிகம் வாழும் இடம் கணிப்பொறி. அதற்கு இலக்கங்கள் 0, 1 இரண்டே. பலகையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பிட்: எடுத்தால் 1, விட்டால் 0. முகத்தல் படிகளில் பார்த்த அதே எடுப்பும் விடுப்பும். 64 கட்டத்திலும் 1 இருந்தால் கிடைப்பது பலகை எண். 64 பிட் இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் அதுவே. பழைய கணிப்பொறிகளுக்குப் பாதிப் பலகைதான், 32 பிட். இணைய முகவரிகளையும் முதலில் 32 பிட்டில் வகுத்ததால் அவை 429 கோடியைத் தாண்டவில்லை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோயிற்று.

64 பிட் இடத்தில் பலகை எண் நிற்கும்போது இன்னொன்றைக் கூட்டினால், முன்பு கடன் வாங்கிய அரிசி செய்ததையே அதுவும் செய்யும். முதல் கட்டத்து 1, 0 ஆகி அடுத்ததற்கு ஒன்றைத் தள்ளும். அது அதற்கடுத்ததற்குத் தள்ளும். 64 கட்டமும் வரிசையாகக் காலியாகி, தள்ளிவந்த ஒன்றுக்கு 65-ஆவது கட்டம் இல்லாமல், கணிப்பொறி சுழியைக் காட்டும்.